காகிதம் காத்திருக்காது

“அப்பா கட்டிய வீடு பிள்ளைக்கு வருகிறது, பேரனுக்கும் வருகிறது. அப்பா எழுதிய புத்தகம் மட்டும் ஏன் ஒருநாள் ஊருக்குப் போக வேண்டும்?” பதிப்புரிமை பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வியும் வருகிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தமிழ் எழுத்தாளன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள். அவன் குடும்பத்துக்காவது நாலு காசு போகட்டும் என்று நினைப்பவர்கள். இணையம் வந்தபின் அவர்கள் கவலை கூடிவிட்டது. நகலெடுப்பது நொடி வேலையாகிவிட்டது, ஆகவே சட்டத்தை இறுக்க வேண்டும், உரிமைக் காலத்தை நீட்ட வேண்டும், பொதுவுடைமை என்று திறந்துவிட்டால் எழுத்து கேட்பாரற்றுச் சீரழியும் என்பது இன்று படித்தவர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து. அதை நான் மறுக்கிறேன். எழுத்தாளனைக் காப்பதாகச் சொல்லப்படும் இந்த நீண்ட பூட்டு அவனைக் காக்கவில்லை. அவன் எழுதியதை நம் கண்ணெதிரே பொடியாக விட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த வீடு. ஒரு வீட்டில் ஒரு குடும்பம் இருந்தால் இன்னொரு குடும்பம் இருக்க முடியாது. ஒரு கதையை நான் படிப்பதால் உங்களுக்கு அது குறைவதில்லை. பதிப்புரிமை என்பது ‘நீ அச்சிடாதே’ என்று மற்ற எல்லாரையும் பார்த்து அரசு போடும் தடை. ஒரு காலம் முடிந்ததும் விலகும் என்ற நிபந்தனையின்பேரில்தான் சமூகம் அந்தத் தடைக்கு ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் அன்னி அரசி காலத்தில், 1710இல் நடைமுறைக்கு வந்த முதல் சட்டம் தந்தது 14 ஆண்டு. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14. லண்டன் புத்தக வியாபாரிகள் என்றென்றைக்குமான உரிமை கேட்டு வழக்காடினார்கள். 1774இல் பிரபுக்கள் சபை அதை மறுத்தது. 1841இல் டால்ஃபோர்டு என்ற உறுப்பினர், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். எதிர்த்துப் பேசியவர் மெக்காலே. இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வியைப் பரிந்துரைத்த குறிப்புக்காக நாம் இன்றும் மன்னிக்காத அதே மெக்காலே. பதிப்புரிமை வாசகர் மேல் விழும் வரி, எழுத்தாளர் வாழ அந்த வரி தேவைதான், ஆனால் தேவைக்கு மேல் அது நீளக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். செத்து அரை நூற்றாண்டு கழித்து வரும் பணம் எந்த எழுத்தாளருக்கும் ஊக்கம் தராது, அது போய்ச் சேருவதும் ஏதோ ஒரு வியாபாரியிடம்தான் என்று அவர் காட்டினார். மசோதா தோற்றது. அன்று மிகை என்று தோற்கடிக்கப்பட்ட அந்த 60 ஆண்டுதான் இன்று இந்தியச் சட்டம்.

எப்படி வந்தது இந்த 60? 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு என்றுதான் இருந்தது. தாகூர் 1941 ஆகஸ்டில் மறைந்தார். அவர் எழுத்துகளின் உரிமை 1991 முடிவில் தீர வேண்டும். உரிமை அவர் நிறுவிய விசுவபாரதியிடம் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, மறு ஆண்டில் திருத்தச் சட்டம் வந்தது, 50 என்பது 60 ஆயிற்று. ஒரு மகாகவியின் எழுத்தை ஒரு நிறுவனத்தின் கையில் இன்னும் பத்தாண்டு வைத்திருப்பதற்காக, இந்தியாவில் அப்போது உரிமை தீராமல் இருந்த ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் பத்தாண்டு ஏற்றப்பட்டது. எந்தத் தமிழ் எழுத்தாளரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. உ.வே.சாமிநாதையர் மறைந்தது 1942இல். செல்லரித்த சுவடிகளை ஊர் ஊராகத் தேடி அச்சுக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் பொதுவாக்கியவர் அவர். சட்டப்படி 1993 தொடக்கத்தில் திறந்திருக்க வேண்டிய அவருடைய சொந்த எழுத்து, தாகூருக்காகப் போட்ட திருத்தத்தால் 2003 வரை காத்திருந்தது.

உரிமையால் விசுவபாரதிக்குக் கிடைத்த அதிகாரம் தாகூரின் பாடலுக்காவது நன்மை செய்ததா? விசுவபாரதியின் இசைக் குழு ஒப்புதல் தந்தால்தான் தாகூர் பாடலைப் பதிவு செய்யலாம் என்ற நிலை பல பத்தாண்டுகள் இருந்தது. வங்காளிகள் உருகிக் கேட்ட தேபப்ரத பிஸ்வாஸின் பதிவுகளை அந்தக் குழு ஏற்க மறுத்தது. மனம் நொந்து அவர் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். காந்தியின் எழுத்துகளை வைத்திருந்த நவஜீவன் அறக்கட்டளை வேறு வழியில் போயிற்று. கால நீட்டிப்புக் கேட்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. 2009 பிறந்ததும் காந்தி எல்லாருக்கும் பொதுவானார். அதனால் காந்திக்கு என்ன குறைந்துவிட்டது?

‘நீண்ட உரிமை இருந்தால்தான் எழுத ஊக்கம் வரும்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று ஒரு ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டியில் போட்டால் 60 ஆண்டில் ஏறக்குறைய 101 ரூபாய் ஆகும். அப்படியானால் 60 ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் 100 ரூபாய் ராயல்டியின் இன்றைய மதிப்பு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த ஒரு ரூபாய்க்காக நாவல் எழுத உட்காருபவர் யார்? அமெரிக்கா 1998இல் உரிமைக் காலத்தை 20 ஆண்டு நீட்டியபோது, மில்டன் ஃப்ரீட்மன், கென்னத் ஆரோ முதலிய நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இதைத்தான். 2003இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வரவில்லை. ஆனால் நீதிபதி பிரேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: வெளியாகி 55 முதல் 75 ஆண்டான படைப்புகளில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் இன்னும் பணம் தருகின்றன. அந்த இரண்டின் வருமானத்துக்காக மீதி 98ஐயும் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். பால் ஹீல்ட் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் அமேசானில் விற்கும் புதுப் படிகளை மாதிரி எடுத்துப் பார்த்தார். 1980களில் முதலில் வெளிவந்த நூல்களைவிட 1880களில் வெளிவந்த நூல்கள் அதிகம் விற்பனையில் இருந்தன. பூட்டு இல்லாத பழைய புத்தகம் கடையில் இருக்கிறது. பூட்டிய புத்தகம் காணாமல் போயிருக்கிறது.

சரி, குடும்பத்துக்கு? மனைவியும் பிள்ளைகளும் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் 30 வயதில் ஒரு புத்தகம் எழுதி 80 வயதில் ஒருவர் மறைந்தால், அந்தப் புத்தகத்தின் உரிமை 110 ஆண்டு நீள்கிறது. அப்போது கையெழுத்துக் கேட்டுப் போனால் கொள்ளுப்பேரர்களைத் தேட வேண்டும். எழுத்தாளன் வறுமையில் வாடுவதற்குக் காரணம் அவன் செத்தபின் உரிமை சீக்கிரம் தீர்ந்துபோவது அல்ல. உயிரோடிருக்கும்போதே ஒரு தொகைக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிடுவதும், ராயல்டிக் கணக்கு ஒழுங்காக வராததும்தான் காரணம். இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. பதிப்பாளருக்கு உரிமை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்கு மட்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது எழுத்தாளருக்கே திரும்புகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமையைக் கொடுத்தது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போராடிப் பெற்றது அது. கலைஞன் வாழ்நாளிலேயே அவன் கையில் காசு சேர்த்த அந்தத் திருத்தத்துக்குக் காலத்தை ஒரு நாள்கூட நீட்ட வேண்டியிருக்கவில்லை.

பொதுவுடைமையானால் எழுத்து அழியும் என்பவர்களுக்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது. பாரதி 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டாகப் பதியும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. ‘நாம் இருவர்’ படத்தில் அந்தப் பாடல்கள் தமிழ்நாடெங்கும் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது வழக்கு வந்தது. சட்டப்படி செட்டியார் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கியவர் அவர். ஆனால் பாரதியைப் பாடத் தனியார் ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று நாடு கொதித்தது. டி.கே. சண்முகம், வ.ரா., நாரண துரைக்கண்ணன், பரலி சு. நெல்லையப்பர், திருலோக சீதாராம் முதலியோர் இயக்கம் நடத்தினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை வாங்கியது; மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் மகள்களுக்கும் அரசு தொகை கொடுத்தது. 1955இல் பாரதி முழுவதுமாக மக்களிடம் வந்தார்.

அதன்பின் பாரதிக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியை எதிர்த்தரப்பு கேட்பதே இல்லை. மலிவுப் பதிப்பு பள்ளிப் பிள்ளையின் பைக்குள் போயிற்று. 1957இல் ரா.அ. பத்மநாபனின் ‘சித்திர பாரதி’ வந்தது. பெரியசாமித் தூரன், ரகுநாதன் என்று ஆய்வாளர் வரிசை நீண்டது. சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளையே கொடுத்துக் கால வரிசையில் பாரதி எழுத்துகளைத் தொகுத்தார். யாரிடமும் கையேந்தாமல் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்ததால் உண்டான பாரதி இது. உரிமை ஓர் இடத்தில் குவிந்திருந்தால், அந்த இடத்துக்குப் பிடித்த பாரதி மட்டுமே நமக்குக் கிடைத்திருப்பார்.

கல்கி 1954இல் மறைந்தார். 1990களின் இறுதியில் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. இன்று ‘பொன்னியின் செல்வன்’ இல்லாத புத்தகக் கடை உண்டா? ரயில்நிலையக் கடையில் இருக்கிறது, ஒலிநூலாக இருக்கிறது, கைபேசியில் இருக்கிறது. பதிப்பாளர்கள் போட்டி போட்டு விலை குறைத்தார்கள். அந்தப் பெரிய வாசகர் கூட்டத்தை நம்பித்தான் இரண்டு பாகங்களாகப் படமும் வந்தது. பிழை மலிந்த பதிப்புகளும் வந்தன என்பது உண்மை. சில பதிப்புகளைப் படித்தால் கோபம் வருகிறது. ஆனால் பிழையான பதிப்புக்குத் தீர்வு நல்ல பதிப்பு. உரிமை ஒருவரிடமே இருந்து அவர் பிழையாக அச்சிட்டால் அதைத் திருத்த இன்னொருவருக்கு வழியே இல்லை. எழுத்தை வேண்டுமென்று சிதைப்பார்கள் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் காவல் உண்டு. ஆசிரியரின் பெயரையும் படைப்பின் மதிப்பையும் காக்கும் 57ஆம் பிரிவில், பதிப்புரிமைக் காலம் முடியும் வரைதான் என்று முன்பு இருந்த வரம்பை 2012இல் நீக்கிவிட்டார்கள். கல்கியைக் கேவலமாகத் திரித்து அச்சிட்டால் அவர் வாரிசுகள் இன்றும் கேள்வி கேட்கலாம்.

குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்தை அரசு எல்லாருக்கும் பொதுவாக்கும் இந்த நாட்டுடைமைத் திட்டத்தை நான் வாழ்த்துகிறேன். ஆனால் அதையே முழுத் தீர்வாகக் காட்டுவதை ஏற்க முடியாது. எந்த எழுத்தாளர், எப்போது, எவ்வளவு பரிவுத்தொகை என்பதெல்லாம் ஆட்சியாளர் விருப்பம். 2009இல் கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தினர் வேண்டாம் என்றார்கள். அது அவர்களுடைய உரிமை. அவர்கள் நூல்கள் கடையில் கிடைக்கின்றன, யாருக்கும் நட்டமில்லை. என் கவலை அரசின் பட்டியலிலும் கடையின் அலமாரியிலும் இல்லாத பெயர்களைப் பற்றியது.

அவர்களே பெரும்பான்மை. ‘ஜகன்மோகினி’, ‘மணிக்கொடி’, ‘சரஸ்வதி’ போன்ற இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழில் பத்துப் பன்னிரண்டு பேர் எழுதியிருப்பார்கள். நான்கைந்து பேர் புனைபெயரில். புனைபெயர் யாருடையது என்று தெரியாதவரை வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு. அதற்குள் தெரிந்துவிட்டால் அவர் இறந்த ஆண்டிலிருந்து 60. 1933இல் ஒரு கதை எழுதிய இளைஞர் 1985 வரை வாழ்ந்திருந்தால் அந்தக் கதையின் உரிமை 2045 டிசம்பர் வரை, அதாவது அச்சேறி 112 ஆண்டு. அவர் 1985இல்தான் இறந்தாரா, 1950இல் இறந்தாரா? யாருக்கும் தெரியாது. ஒரு பெயர் தெரியவில்லை என்றால் அந்த இதழ் முழுவதையும் வெளியிட அஞ்ச வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் காகிதம் என்ன செய்கிறது? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் இதழ்கள் அச்சான மரக்கூழ்த் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. அது பழுக்கும், முறியும், தொட்டால் உதிரும். உலகப் போர்க் காலத் தட்டுப்பாட்டில் கிடைத்த தாள் இன்னும் மோசம். நம் வெயிலும் ஈரமும் கறையானும் வேறு. சட்டம் நூறாண்டுக் கணக்கில் காத்திருக்கச் சொல்கிறது. தாளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப் பொருள்கள், அவர் மறைந்தபின் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக ஆகியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

யாழ்ப்பாணத்துக்குப் போனால் வலி இன்னும் கூடுதல். 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மிஞ்சியவை வீடுகளிலும் புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றை மின்னுருவாக்கிக் காக்க 2005இல் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். இலங்கைச் சட்டத்திலோ ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. போரில் காணாமல் போன எழுத்தாளருக்கு, நாடுநாடாகச் சிதறிய வாரிசுகளுக்கு, அனுமதிக் கடிதம் அனுப்ப முகவரி ஏது?

‘சட்டத்தில்தான் விலக்கு இருக்கிறதே’ என்பார் ஒரு வழக்கறிஞர். இருக்கிறது, பாதி. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் சேர்த்தபடி, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் இருக்கும் அச்சுப் படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். சேமிக்கலாம், மதுரையில் இருக்கும் மாணவிக்குத் திறந்துகாட்ட அந்தப் பிரிவு வழி சொல்லவில்லை. ஸ்கேன் செய்த கோப்பு வன்தட்டில் உறங்குகிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிட 31ஏ பிரிவு இருக்கிறது. அதற்கு முதலில் நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், பின்பு நீதிமன்றம் ஏறி உரிமம் கேட்க வேண்டும். 64 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு இதைச் செய்யப் போகிறவர் யார்? விளம்பரச் செலவே புத்தகத்தின் மொத்த விற்பனையை விழுங்கிவிடும்.

இணையத் திருட்டு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. புதுப் புத்தகம் வந்த சில நாளிலேயே அதன் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுகிறது. இது திருட்டுத்தான், உயிரோடிருக்கும் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பது. அதற்கு 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. அதை நடைமுறைப்படுத்துங்கள், நானும் துணைக்கு வருகிறேன். ஆனால் போன மாதம் வந்த நாவலைத் திருடுகிறார்கள் என்பதற்காக 1940இல் வந்த நாவலைப் பூட்டிவைப்பதில் என்ன பொருத்தம்? இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

எண்ணிமக் காலம் கொண்டுவந்த இன்னொரு திருட்டைப் பற்றிச் சட்டத்தை இறுக்கச் சொல்பவர்கள் வாய் திறப்பதில்லை: ஏற்கெனவே பொதுவில் இருப்பதைத் தனியார் வேலிக்குள் இழுத்துக்கொள்வது. தியாகையர் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனையை ஒருவர் தம் குரலில் பாடிக் காணொளியாக ஏற்றினால், ஏதோ ஓர் இசை நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் உரிமை கோருகிறது. கர்நாடக இசைக் கலைஞர்கள் பலர் சொல்லும் புகார் இது. தம் பாட்டு தம்முடையதுதான் என்று நிரூபிக்கும் சுமை பாடியவர் தலையில். தவறாகக் கோரியவருக்கு ஒரு நட்டமும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய மின்னூலும் நம்முடையது அல்ல. 2009இல் அமேசான், ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ இரண்டின் சில மின்பதிப்புகளை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து, அமெரிக்க உரிமை இல்லாமல் விற்கப்பட்டவை என்று சொல்லி, தொலைவிலிருந்தே அழித்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் இப்படி எடுத்துப்போக முடியாது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எல்லா எழுத்தையும் விழுங்குகின்றன, இப்போது போய்த் திறக்கலாமா என்ற புதுக் கேள்வியும் கேட்கிறது. வழக்கறிஞர் படையே வைத்திருக்கும் பெருநிறுவனத்தை இந்தப் பூட்டு தடுப்பதில்லை; சம்பளமில்லாமல் ஸ்கேன் செய்யும் தன்னார்வலரை மட்டுமே தடுக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய சங்க இலக்கியம் உலகெங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் மின்னூலகங்களில் ஒன்று. அவர்களால் அதைச் செய்ய முடிந்தது, கபிலருக்கும் ஔவைக்கும் பதிப்புரிமை இல்லாததால்.

செய்ய வேண்டியவை கற்பனையில் இல்லை, உலகில் நடந்துகொண்டிருக்கின்றன. நார்வே தேசிய நூலகம் உரிமையாளர் அமைப்போடு ஒப்பந்தம் செய்து, பக்கக் கணக்கில் பணம் கொடுத்து, 2000 வரை வெளியான நார்வே நூல்களை நாட்டு மக்கள் இணையத்தில் படிக்கத் திறந்துவிட்டது. தமிழைவிடப் பல மடங்கு சிறிய மொழி அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, கடையில் கிடைக்காத நூல்களை நூலகங்கள் வெளியிட வழி செய்கிறது. உரிமையாளர் வந்து வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். நம் 52ஆம் பிரிவில் இதே ஏற்பாட்டைச் சேர்க்க எது தடுக்கிறது? 60ஐத் திரும்ப 50 ஆக்கவும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கை இடம் தருகிறது. அது கேட்கும் குறைந்த அளவே 50தான். வர்த்தக ஒப்பந்தத்துக்காகக் கனடா 2022 முடிவில் 50ஐ 70 ஆக்கியது. அதே நிர்ப்பந்தம் நமக்கும் வரும். வரும்போது எழுத்தாளர் சங்கங்கள் அதை வரவேற்று அறிக்கை விடாமல் எதிர்க்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் தமிழ்நாடு அரசு செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 1900க்கும் 1970க்கும் இடையில் தமிழில் எழுதியவர்களின் இயற்பெயர், புனைபெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, உரிமை இப்போது யாரிடம் என்பதைத் தொகுத்து எல்லாரும் பார்க்கும் பதிவேடாக வெளியிடுவது. பரிவுத்தொகைக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதி போதும். நூலகத் துறைக்கு மாவட்டந்தோறும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுதியவர்களின் பிள்ளைகளிடம் நேரில் போய்க் கேட்டால் பாதி ஆண்டுகள் தெரிந்துவிடும். இந்த ஆண்டே கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கே இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.